டிபன் பாக்ஸும் தாடியும்: காதல் முறிவைக் காமெடியாக எடுக்கப் போகிறவர்களுக்கு

காதல் முறிந்துபோன ஓர் ஆணின் பக்கத்திலிருந்து சொல்லும் காமெடிப் படம். 48 நிமிடம், முழுக்கப் புதுச்சேரியிலும் கடலூரிலும் எடுத்தது. எழுதியது, இயக்கியது, பணம் போட்டது எல்லாம் நான்தான். போட்ட கணக்கு 3,60,000 ரூபாய், 7 நாள் படப்பிடிப்பு, 4 மாதத்தில் முடித்துவிடலாம். கடைசியில் ஆனது 5,42,000 ரூபாய், 10 நாள், 14 மாதம். கூடுதலாகப் போன 1,82,000 ரூபாய்க்கு நோட்டில் கணக்கு இருக்கிறது. மறுபடி எடுத்த இரண்டு நாளுக்கு 74,000, டப்பிங்குக்கு 38,000, இசையை மாற்றியதற்கு 30,000, மழையில் போன ஒரு நாளுக்கு 25,000, அழிந்த ஃபைல்களை மீட்க 15,000. இந்த ஐந்தும் தவிர்த்திருக்கக்கூடிய செலவுகள். பத்தாவது மாதம் வாக்கில் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் பரணில் போட்டுவிடலாம் என்றே இருந்தேன். விசாரிக்க ஓர் ஆள் இல்லாமல் எல்லாவற்றையும் தனியாகப் பட்டுத் தெரிந்துகொண்டதுதான் பணம் போனதைவிட அதிகமாக வலித்தது. அடுத்து எடுக்கப் போகிறவர் அப்படிப் படக்கூடாது என்றுதான் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கதை சின்னது. முதலியார்பேட்டையில் டூ வீலர் மெக்கானிக் ஒருவன், முப்பது வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வேலை பார்க்கும் பெண். மூன்று வருடக் காதல், அவன் வீட்டுக்குத் தெரியாது. முறிந்துவிடுகிறது. வீட்டில் அழ முடியாது, அழுதால் அம்மா காரணம் கேட்பாள். ஆனால் அம்மா கேட்பது வேறு கேள்வி: "அந்த எவர்சில்வர் டிபன் பாக்ஸ் எங்கடா?" அம்மாவின் கல்யாணத்துக்குச் சீராக வந்தது, மூடியில் அவள் பேர் வெட்டியிருக்கும். அது கடலூரில், அந்தப் பெண்ணின் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதைத் திரும்ப வாங்குவதுதான் படம். இந்தச் சரடு கடைசிவரை தாங்கியது. அதைச் சுற்றி நான் எழுதியதில் பாதி தாங்கவில்லை என்பது படம் எடுத்து முடித்த பிறகுதான் தெரிந்தது. அது பின்னால் வருகிறது.

முதல் அடி தாடியால் விழுந்தது. காதல் தோல்வி என்றாலே நம் சினிமாவில் நாயகனுக்குத் தாடி. நானும் யோசிக்காமல் எழுதிவிட்டேன். முறிவுக்கு முன்னால் மழித்த முகம், பின்னால் தாடி. அப்படி எழுதினால் தாடிக் காட்சிகள் எல்லாவற்றையும் முதலில் எடுத்து, பிறகு மழித்து, பழைய சந்தோஷக் காட்சிகளைக் கடைசியில் எடுக்க வேண்டும். அதுவரை சரியாகவே செய்தோம். ஆனால் மழித்துவிட்டால் திரும்ப வழியில்லை. தாடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். மறுபடி எடுக்க வேண்டி வந்தபோது நடிகர் முகத்தில் ஒன்றும் இல்லை. ஒட்டுத் தாடி வைத்துப் பார்த்தோம். புதுச்சேரி வியர்வைக்கு வாயோரத்தில் ஒரு மணி நேரத்தில் பசை விட்டுவிடுகிறது, க்ளோஸப் போக முடியாது. ஐந்து வாரம் சும்மா காத்திருந்தோம். அதற்குள் வேறு இருவரின் தேதி போய்விட்டது. ஆகவே மழிப்பதற்கு முன் தாடிக் காட்சிகளை மட்டும் கோர்த்து, சத்தமே இல்லாமல் இருந்தாலும் பரவாயில்லை, ஒருமுறை முழுசாகப் பாருங்கள். ஒரு வாரம் தள்ளிப்போனாலும் நஷ்டம் குறைவு. அதைவிட நல்லது தாடியையே விட்டுவிடுவது. உடைந்துபோனவன் தினமும் ஒழுங்காகச் சவரம் செய்து, தலை வாரி, வேலைக்குப் போவதில் இருக்கும் பரிதாபம் தாடியில் வராது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது, சூரியன். கடற்கரையில் அவன் தனியாக உட்கார்ந்திருக்க, கடலில் சூரியன் இறங்குவதாக எழுதி வைத்திருந்தேன். பார்த்த படங்களின் நினைப்பில் கை எழுதியது. நம்முடையது கிழக்குக் கரை. சூரியன் கடலிலிருந்து எழும், ஊருக்குப் பின்னால் விழும். காலையில் எடுத்து மாலை என்று ஓட்டிவிடலாம் என்று சொல்வார்கள். கடற்கரைச் சாலையில் அது எடுபடாது. காலையில் நடைப்பயிற்சிக்காரர்கள் வேகமாக நடப்பார்கள், மாலையில் குடும்பங்கள் நின்று நின்று போகும், சுண்டல்காரர் இருப்பார். கூட்டத்தின் நடையே நேரத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். கதையை மாற்றுவதுதான் சரி. இரவெல்லாம் தூங்காமல் நடந்தவன் காந்தி சிலைப் பக்கம் விடியலில் வந்து நிற்பதாக மாற்றினேன், காட்சி முன்னைவிட நன்றாக வந்தது. மாலையில்தான் வேண்டும் என்றால் பௌர்ணமியைப் பிடியுங்கள். பௌர்ணமி அன்று சூரியன் மறைகிற நேரத்தை ஒட்டி நிலா கடலிலிருந்து எழும். அதற்கு முந்தின நாள் இன்னும் உசிதம், நிலா முக்கால் மணி நேரம் போல முன்னதாகவே வந்துவிடும், வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும். முகமும் தெரியும், நிலாவும் வெள்ளைப் பொட்டாக வெளுத்துப் போகாது. நாள்காட்டியைப் பார்த்து கால்ஷீட் போட வேண்டும், அவ்வளவுதான்.

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகளை விடுவதில்லை. ஹாரன் சத்தம் இருக்காது என்பது வசதி. சாமான் ஏற்றிய வேன் உள்ளே வராது என்பது தொல்லை. டூமாஸ் வீதியிலோ சுஃப்ரேன் வீதியிலோ நிறுத்திவிட்டுச் சுமக்க வேண்டும், அதற்கு இரண்டு ஆள் கூடுதலாக வையுங்கள். அனுமதி விஷயத்தில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருங்கள்: இந்தத் தரை யாருடையது, அந்தச் சுவர் யாருடையது? சாலைக்கு நகராட்சியும் காவல்துறையும். மஞ்சள் சுவர் அழகாக இருக்கிறது என்று நிற்கிறீர்களே, அது ஒருவர் வீடு. சாம்பல் நிறச் சுவர் என்றால் பெரும்பாலும் ஆசிரமத்துக் கட்டடம். பிரெஞ்சுத் துணைத் தூதரகப் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம். லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருப்பதால், எங்கே டிரோன் பறக்கலாம் என்று அரசு காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் எந்த மண்டலம் என்று பார்க்காமல் டிரோனுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டிவிட்டால் மாநிலமே வேறு, அனுமதியும் வேறு. புதுச்சேரியில் வாங்கிய தாளைக் கடலூர் வெள்ளி கடற்கரையில் காட்டிப் பயனில்லை. எல்லைக்கு இரண்டு பக்கமும் எடுப்பவர்கள் கன்டினியூட்டியில், அதாவது ஒரு ஷாட்டோடு அடுத்தது பொருந்துவதில், இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கே வண்டி பிஒய் 01, அங்கே டிஎன் 31. இங்கே காவலர் தலையில் சிவப்புத் தொப்பி. கடலூரில் நடப்பதாகச் சொல்லிப் புதுச்சேரியில் எடுத்த ஒரு காட்சியில், பின்னால் சிவப்புத் தொப்பி ஒன்று கடந்து போனது. எடிட்டிங்கில்தான் பார்த்தேன். முழு ஷாட்டும் போயிற்று.

மழை நாளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அக்டோபர் கடைசியில் தேதி வைத்தேன், அது என் தவறு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. இந்தக் கரையில் புயல் வருவதும் அந்த மாதங்களில்தான். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல், 2024 நவம்பர் 30 அன்று 'ஃபெஞ்சல்' புயல். பணம் கையில் இருக்கிறதே என்று அந்த மாதங்களில் ஆரம்பிக்காமல், ஜனவரி பாதியிலிருந்து மார்ச்சுக்குள் வையுங்கள், வெளிச்சமும் இதமாக இருக்கும். வேறு வழியில்லை என்றால் ஒவ்வொரு நாளுக்கும் மாற்றாக வீட்டுக்குள் எடுக்கிற ஒரு காட்சியைத் தயாராக வைத்திருங்கள். மழை வந்தால் அன்று மதியத்துக்குள் அங்கே போய்விட வேண்டும். எங்களிடம் அப்படி ஒன்று இல்லை. பதினெட்டுப் பேர் வேனில் உட்கார்ந்து டீ குடித்தோம். கேமரா வாடகை, பேட்டா, சாப்பாடு எல்லாம் ஓடிக்கொண்டே இருந்தது.

சத்தம்தான் என்னை அதிகம் அழ வைத்தது. கடற்கரையில் பேசுகிற காட்சிகள் மூன்று, எல்லாம் சட்டையில் குத்துகிற லேப்பல் மைக்கில். மதியத்துக்கு மேல் கடல் காற்று ஏறிவிடும். மைக்குக்கு மேலே ரோம உறை போடாததால் 'பட் பட்' என்று காற்று அடித்த சத்தம் பேச்சோடு சேர்ந்து பதிந்துவிட்டது. எந்த மென்பொருளாலும் முழுசாக எடுக்க முடியவில்லை. அலையின் பிரச்சினை வேறு. அலைச் சத்தம் ஒரே அளவில் இருக்காது. அவன் முகத்தை எடுத்தபோது ஒரு பெரிய அலை, அவள் முகத்தை எடுத்தபோது அமைதி. இரண்டையும் வெட்டி ஒட்டினால் ஒவ்வொரு வெட்டிலும் கடல் குதிக்கிறது. இதற்குச் செய்ய வேண்டியது மூன்று வேலை, மூன்றும் செலவில்லாதவை. ஷாட் முடிந்த கையோடு நடிகர்களை உள் வீதிக்கு அழைத்துப்போய், அதே மூச்சில் வசனத்தை மட்டும் இரண்டு முறை சொல்ல வைத்துப் பதிவு செய்யுங்கள். வைல்ட் டிராக் என்பார்கள். அடுத்து, யாரும் பேசாமல் கடலை மட்டும் மூன்று நிமிடம் தொடர்ச்சியாகப் பதியுங்கள். காட்சி முழுக்க அதை அடியில் ஓடவிட்டால் வெட்டுகள் மறைந்துவிடும். வீட்டுக்குள் எடுத்தாலும் ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்திவிட்டு அந்த அறையின் வெறும் சத்தத்தை அரை நிமிடம் பதியுங்கள். மூன்றாவது, பேச்சின் உச்சம் ரெக்கார்டர் மீட்டரில் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாமல் வைத்து, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதியுங்கள். இதெல்லாம் தெரியாமல் 38,000 ரூபாய் கொடுத்து டப்பிங் செய்தேன். அதிலும் ஒரு மனக்குறை உண்டு. நண்பனாக நடித்தவர் வில்லியனூர்க்காரர், "இன்னாடா சொல்லிக்கினு இருக்க" என்று அவர் சொன்னதில் சிரிப்பு இருந்தது. அவருக்குத் தேதி இல்லாமல் வேறு ஒருவர் குரல் கொடுத்தார். வார்த்தை அதேதான், ஊர் அதில் இல்லை.

கேமராவில் ஒரு சின்ன விஷயம், ஆனால் கழுத்தை அறுக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்து ஷட்டரை 1/48 நொடியில் விட்டால் டியூப் லைட், மலிவான எல்இடி விளக்குகள் இருக்கும் இடத்தில் படம் துடிக்கும். ஷட்டரை 1/50-க்கு மாற்றுங்கள், கோணமாக வைப்பதென்றால் 172.8 டிகிரி. இல்லாவிட்டால் 25 ஃபிரேமிலேயே எடுங்கள். அவசரத்துக்குச் செல்போனில் எடுத்த ஷாட்களில் ஃபிரேம் வேகம் ஏறி இறங்கும். தனியாகப் பதிந்த சத்தம் முதலில் பொருந்தி, போகப்போக நழுவும். எடிட்டிங்கில் போடுவதற்கு முன் அவற்றை நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மெமரி கார்டு விஷயத்தில், மூன்றாம் நாள் இரவு காப்பி ஆகிவிட்டது என்று நம்பிக் கார்டை அழித்துவிட்டோம். பாதிதான் ஏறியிருந்தது. 15,000 கொடுத்ததில் பெரும்பகுதி மீண்டது, பஸ் காட்சியில் இரண்டு ஷாட் மீளவே இல்லை. இரண்டு வேறு டிஸ்க்கில் ஏற்றி, கடைசி ஃபைலைத் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் அழிக்க வேண்டும். அந்த வேலைக்கு ஒரே ஆள் பொறுப்பு. இரண்டு பேர் பார்த்தால் இருவரும் மற்றவர் பார்த்தார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இப்போது கதைக்கு வருகிறேன், எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். முதல் எடிட்டை வில்லியனூரில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் 22 பேருக்குப் போட்டுக் காட்டினேன். பார்ப்பவர்கள் பக்கமாக ஒரு போனை வைத்து அவர்கள் சத்தத்தை முழுசாகப் பதிவு செய்தேன். அதை எடிட்டிங்கில் படத்துக்கு அடியில் போட்டால் எங்கே சிரித்தார்கள், எங்கே இருமினார்கள், எங்கே பேச ஆரம்பித்தார்கள் என்று நொடிக்கணக்கில் தெரியும். படம் எப்படி இருந்தது என்று கேட்டுக் கிடைக்கிற பதிலைவிட இது உண்மையானது. 17ஆவது நிமிடம் வரை நல்ல சிரிப்பு. அங்கே மதுக்கடைக் காட்சி. நண்பர்கள் சேர்ந்து அந்தப் பெண்ணைத் திட்டுகிறார்கள், பொதுவாகப் பெண்களைத் திட்டுகிறார்கள், நாயகன் தலை குனிந்து குடிக்கிறான். எழுதும்போது எனக்கு அதுதான் படத்திலேயே சிரிப்பான இடம். அதிலிருந்து 9 நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. முடிந்ததும் ஒரு அக்கா கேட்டார்: "ஏன் தம்பி, அந்தப் பொண்ணு எதுக்கு உட்டுட்டுப் போச்சு?" என்னிடம் பதில் இல்லை. 14 பக்கம் அவளைத் திட்டி எழுதியவன், அவள் ஏன் போனாள் என்று ஒரு வரிகூட எழுதி வைத்திருக்கவில்லை. அன்றிரவு வெட்கத்தில் தூக்கம் வரவில்லை.

ஆணின் பக்கத்திலிருந்து சொல்வது என்றால் ஆணின் கட்சியைப் பேசுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கம் என்பது அவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதுதான். காரணம் அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம், எழுதுகிறவனுக்குத் தெரிய வேண்டும். இந்தக் கதையில் காரணம் பக்கத்திலேயே இருந்தது. மூன்று வருடம் அவன் அம்மாவிடம் சொல்லவில்லை. அதனால்தான் அவள் போனாள். அந்தச் சொல்லாமைதான் டிபன் பாக்ஸ் விஷயத்தில் அவனை அடுக்கடுக்காகப் பொய் சொல்ல வைத்துச் சிரிப்பைக் கொண்டுவருகிறது. முறிவு எந்தக் குணத்தால் வந்ததோ அதே குணத்திலிருந்து சிரிப்பும் வந்தால், ஒன்றை எழுதினாலே இன்னொன்றும் எழுதியதாகிவிடும். சிரிப்பு ஒரு பக்கம், சோகம் ஒரு பக்கம் என்று தனித்தனியாகச் சேர்த்தால் 17ஆவது நிமிடத்தில் எனக்கு ஆனதுதான் ஆகும். திரைக்கதை எழுத உட்காரும் முன் அவள் ஏன் போனாள் என்பதை அவள் வாயால் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அந்த வாக்கியத்தைப் படித்தால் உங்களுக்கே அவள்மேல் நியாயம் தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் படப்பிடிப்புக்குப் போகாதீர்கள்.

மதுக்கடைக் காட்சியை முழுசாக வெட்டிவிட்டேன். அந்த இடத்தில் வந்ததுதான் பாத்திரக்கடைக் காட்சி. அம்மாவிடம் "கடையில மறந்துட்டேன்" என்று ஒரு பொய், "வாட்ச்மேன் அண்ணனுக்குச் சோறு குடுத்தேன்" என்று இரண்டாவது. பிறகு அதே மாதிரி புது டிபன் பாக்ஸ் வாங்கி, கடையில் மெஷின் வைத்துப் பேர் வெட்டுகிறவரிடம் உட்கார்ந்து, பழைய எழுத்து எப்படி இருந்தது என்று நினைவிலிருந்து சொல்கிறான். பேர் வெட்டுகிற அண்ணன் "ரெண்டு சுழியா, மூணு சுழியா?" என்கிறார். அவனுக்கு நினைவில்லை. அம்மாவுடைய பேரில் எந்த 'ன' என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும்போதுதான் முதல் முறை அழுகை வருகிறது. காதலியை நினைத்து எழுதிய எந்தக் காட்சியிலும் நடிகருக்கு அப்படி வரவில்லை. கிளிசரின் போட்டால் கண்ணீர் ஒரே கோடாக வழியும், பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். கண்ணுக்குக் கீழே, கண்ணில் படாமல், மென்தால் லேசாகத் தடவினால் கண் தானாகக் கலங்கும். இந்தக் காட்சியில் இரண்டும் தேவைப்படவில்லை. பின்னணி இசையும் வைக்கவில்லை, பேர் வெட்டுகிற மெஷின் சத்தம் மட்டும்தான். சோகத்துக்கு வயலின் போட்டால் பார்ப்பவர் அடுத்த சிரிப்புக்குத் திரும்ப நேரம் பிடிக்கிறது.

சாமான் விஷயத்தில், கதையே ஒரு பொருளைச் சுற்றி ஓடினால் அதே பொருளில் இரண்டு வாங்குங்கள். ஒரே கடை, ஒரே அளவு, ஒரே நாளில் ஒரே கையால் பேர் வெட்டியது. ஒன்றில் சொட்டை விழுந்தால் மற்றது இருக்கும். எவர்சில்வரில் கேமராவும் விளக்கும் அப்படியே தெரியும். ஹேர் ஸ்ப்ரே லேசாக அடித்தோம், பளபளப்பு அடங்கியது. தெர்மாகோலைப் பக்கவாட்டில் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பினால் எழுத்து பளிச்சென்று தெரியும். அம்மாவும் மகனும் பேசுகிற சமையலறைக் காட்சிகளை முதலில் முகம் முகமாக வெட்டி எடுத்திருந்தேன். சிரிப்பு வரவில்லை. மறுபடி எடுத்தபோது இருவரையும் ஒரே அகலமான ஷாட்டில் வைத்து வெட்டாமல் விட்டேன். அம்மா தோசை ஊற்றிக்கொண்டே கேட்கிறாள், பின்னால் அவன் முகம் மாறுகிறது, அவள் திரும்புவதற்குள் சரியாகிவிடுகிறது. பொய்யும் அதைக் கேட்கிறவரும் ஒரே ஷாட்டில் இருந்தால்தான் பொய் சிரிப்பாகிறது.

செல்போன் காட்சிகள் இல்லாமல் இப்போது காதல் முறிவே கிடையாது. அங்கேயும் ஒரு பிழை. அவள் வாட்ஸ்அப்பில் பிளாக் செய்த பிறகு அவன் அனுப்பும் செய்திக்கு இரண்டு டிக் விழுவதாகக் காட்டிவிட்டேன். பிளாக் ஆனால் ஒரு டிக்கோடு நின்றுவிடும், கடைசியாக ஆன்லைனில் இருந்த நேரம் தெரியாது. பார்த்தவர்களில் பாதிப்பேர் அதைச் சொன்னார்கள், அனுபவப்பட்டவர்கள் அத்தனை பேர்! போன் திரையை நேரடியாகப் படம் பிடிக்காதீர்கள், துடிக்கும், எழுத்தும் சின்னதாகத் தெரியும். திரையை அணைத்தபடி எடுத்துவிட்டு எடிட்டிங்கில் எழுத்தைப் பதியுங்கள், வசனத்தைப் பிறகு மாற்றவும் வசதி. உண்மையான போன் நம்பர் எங்கேயும் தெரியக்கூடாது. உங்களுக்கோ நண்பருக்கோ வந்த நிஜச் செய்திகளை அப்படியே வசனமாக வைக்காதீர்கள். அதை எழுதிய பெண் படத்தைப் பார்த்துத் தன்னை அடையாளம் கண்டுகொண்டால் அவருக்கு அது பெரிய துன்பம்.

எழுதும்போதே வெட்டிவிட வேண்டியவை இரண்டு. நாயகன் சிகரெட் பிடித்தால், விதிப்படி படத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் 30 நொடி எச்சரிக்கைக் குறும்படம், 20 நொடி ஒலி ஒளி அறிவிப்பு, புகை தெரியும் நேரமெல்லாம் கீழே எழுத்து. கூட்டிப் பார்த்தால் 100 நொடி, 48 நிமிடப் படத்துக்கு அது பெரிய இடைஞ்சல். 2023இல் இந்த விதி ஓடிடி தளங்களுக்கும் வந்துவிட்டது. அடுத்தது நாய். தனியாக நடப்பவன் பின்னால் ஒரு தெருநாய் போவதாக எழுதியிருந்தேன். விலங்கை நடிக்க வைத்தால் இந்திய விலங்குகள் நல வாரியத்திடம் எடுப்பதற்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் தணிக்கைச் சான்று கிடைக்காது. யூடியூபில் போடத் தணிக்கைச் சான்று தேவையில்லை. தியேட்டரில் ஒரே ஒரு காட்சி போடுவதென்றாலும் தேவை. எங்கே போடுவது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

இசைக்குப் போன 30,000 நட்பின் பேரில் போனது. இசையமைத்தவரோடு வாய்ப்பேச்சுதான், தாள் ஒன்றும் எழுதவில்லை. படம் முடியும் தறுவாயில் அதே மெட்டு வேறோர் இடத்தில் வெளியாகிவிட்டது. நாங்கள் பதிவேற்றிய முன்னோட்டத்துக்கு உரிமைக் கோரல் வந்தது. பதிப்புரிமைச் சட்டம் 19ஆவது பிரிவின்படி உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் இருக்க வேண்டும், தருகிறவர் கையெழுத்து வேண்டும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் 5 வருடம் என்றும், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே ஒரே பக்கத் தாளானாலும் காலம், இடம், தொகை மூன்றும் இருக்கட்டும். இசையமைப்பவர், பாட்டு எழுதுபவர், பாடுபவர், வசனத்தில் உதவியவர் எல்லோரிடமும் முதல் அட்வான்ஸ் கொடுக்கும்போதே வாங்கிவிடுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் நம்பிக்கை இல்லையா என்று முகம் சுளிப்பார்கள், அதில் உறவும் கெடும். 30 நொடிக்குள் என்றால் சினிமாப் பாட்டை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்வதை நம்பாதீர்கள், அப்படி ஒரு சலுகை சட்டத்தில் கிடையாது. திரைக்கதையைப் பதிப்புரிமை அலுவலகத்தில் இணையத்திலேயே பதியலாம், இலக்கியப் படைப்புக்கான கட்டணம் 500 ரூபாய்.

மறுபடி எடுத்த இரண்டு நாளில் ஒரு நாள் முழுக்கக் கடலூர்க் காட்சி. அவள் வீட்டு வாசலில் டிபன் பாக்ஸைக் கொடுக்கிறாள். "இத எங்கேருந்து வாங்கினு வந்தேன்னு உங்க அம்மாகிட்ட நீயே சொல்லு" என்கிறாள். அவளுக்கு வசனம் அவ்வளவுதான். அதற்கு முன்னால் நான் எழுதியிருந்த இரண்டு பக்க விளக்கத்தை அந்தப் பெண்ணாக நடித்தவர்தான் வேண்டாம் என்றார், அவர் சொன்னதே சரி. அதன் பிறகு பஸ் பயணம், மடியில் டிபன் பாக்ஸ். ஓடுகிற பஸ்ஸில் டிக்கெட் வாங்கி ஏறிப் படம் எடுக்காதீர்கள், கூட்டமும் சத்தமும் கட்டுக்கு வராது. தனியார் பஸ் ஒன்றை அரை நாளுக்கு 6,000 ரூபாய்க்குப் பேசினோம். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வடக்கே வருகிற பஸ், மாலையில் வெயில் இடது ஜன்னலில் விழும். அவனை இடது பக்கம் உட்கார வைத்தால் முகத்துக்கு விளக்கே வேண்டாம். இதை முதல் தடவையே யோசித்திருந்தால் அன்று ஜெனரேட்டர் வாடகை மிச்சமாகியிருக்கும்.

இரண்டாவது முறை அதே மொட்டை மாடியில் போட்டபோது 19 பேர். போனை அதே இடத்தில் வைத்தேன். பாத்திரக்கடையில் "மூணு சுழியா?" என்ற இடத்தில் பெரிதாகச் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே அவன் கண் கலங்குகிற ஷாட் வந்துவிட்டதால் பாதிப்பேர் அதைப் பார்க்கவில்லை. மறுநாள் அந்த இரண்டு ஷாட்டுக்கும் நடுவில், அண்ணன் மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருப்பதை 40 ஃபிரேம் நீட்டினேன். கடைசிக் காட்சியில் அம்மா டிபன் பாக்ஸை வாங்கிக் கழுவிக்கொண்டே, யாருடா அந்தப் பொண்ணு என்று கேட்கும்போது மாடியில் ஒரு சத்தமும் இல்லை. அதை மட்டும் தொடாமல் அப்படியே விட்டேன்.